நாலு நாய்க்கு நாலு தீனி

ஓடிப்போனாள் என்று யார் சொன்னது? என் மருமகள் செல்வராணி ஓடவில்லை. நடந்துதான் போனாள். பட்டப்பகலில், தெருவே வாசலில் நின்று பார்க்க, தலைவாரிப் பூ வைத்துக்கொண்டு போனாள். ஓடுகிறவள் அவ்வளவு மெதுவாகவா போவாள்?

மாமியார் துரத்திவிட்டாள் என்கிறார்கள். அந்த மாமியார் நான்தான். நான் துரத்தியிருந்தால் அது இந்தத் தெருக் கோடிவரை கேட்டிருக்கும். என் குரல் அப்படி. அவள் ஊர்ப் பக்கம் குளுவாங்கில் யாரோ ஒருவன் இருக்கிறான் என்கிறார்கள். குளுவாங்கில் ஆயிரம் பேர் இருக்கிறார்கள், அதற்கு அவள் என்ன செய்வாள்? என் மகன் யுகேந்திரன் வாரத்தில் ஆறு நாள் சிங்கப்பூர்க் கப்பல் பட்டறையில் கிடந்துவிட்டு சனிக்கிழமை தலைகாட்டுகிறான். அவனை உழைக்கிற பிள்ளை என்கிறீர்கள். அவள் தன் பிறந்த ஊர்ப் பக்கம் பாலோவுக்குப் போனால் மட்டும் குடும்பம் பிரிந்துவிட்டதாம். சிங்கப்பூர்ப் பாலம் தாண்டினால் உழைப்பு, பாலோ போனால் ஓட்டம். இது என்ன நியாயம் என்று கேட்டால் ஒருவரும் வாய் திறக்கவில்லை. அதனால்தான் நானே சொல்கிறேன். எனக்கு எழுதத் தெரியாது. சொல்லத் தெரியும். எழுதிக்கொள்ளுங்கள்.

செல்வராணி பிறந்தது பாலோவுக்குப் பக்கத்தில் எண்ணெய் எடுக்கிற ஒரு செம்பனைத் தோட்டத்தில். அப்பா பழக்குலை வெட்டுகிறவர். மூன்றாம் படிவத்தோடு படிப்பு நின்றது. இந்தப் பாசிர் கூடாங்குக்கு என் மகனைக் கட்டிக்கொண்டு வந்தவள், வந்த கையோடு தொழிற்சாலை பஸ்ஸில் ஏறினாள். பிறகு அந்த பஸ்ஸைவிட்டு இறங்கவே இல்லை என்றுதான் சொல்ல வேண்டும். கணினிக்குள்ளே வைக்கிற பச்சைத் தகட்டில் கீறல் இருக்கிறதா, புள்ளி இருக்கிறதா என்று பூதக்கண்ணாடியில் பார்க்கிற வேலை. அந்தக் கண் வீட்டுக்கும் வரும். நான் பார்த்துப் பார்த்துப் பொறுக்கிய பருப்பில் ஒரு கல்லைக் கண்டெடுத்துத் தட்டின் ஓரத்தில் வைப்பாள். வாயைத் திறந்து ஒன்றும் சொல்ல மாட்டாள். சொல்லியிருந்தால் சண்டை போட்டிருக்கலாம். அதுதான் எனக்குக் கோபம்.

சமையல் சுமார்தான். அதை மறைப்பதற்கில்லை. போனில் எவள் எதைச் சொன்னாலும் நம்புவாள். ஆனால் ஒன்றைக் கையில் எடுத்தால் விடமாட்டாள்.

தொழிற்சாலையை வியட்நாமுக்கு மாற்றுகிறோம் என்று ஒரு நாள் சொல்லிவிட்டார்கள். கடைசி ஷிப்டு முடிந்ததும் கேக் வெட்டினார்களாம். இழுத்து மூடுகிற இடத்தில் கேக் வெட்டுவது என்ன வழக்கமோ, எனக்குத் தெரியவில்லை. ஆளுக்கொரு குடை கொடுத்து அனுப்பினார்கள். மற்றவர்கள் குடையோடு வந்தார்கள். இவள் குடையோடு நாலு நாயையும் கொண்டுவந்தாள்.

தொழிற்சாலைக் காவல் கொட்டகையைச் சுற்றிக் கேண்டீன் மிச்சத்தில் வளர்ந்த நாய்கள் அவை. "பஸ்ஸுல நாய் ஏத்தக்கூடாது அக்கா" என்று டிரைவர் சொன்னானாம். "இதுங்களும் கம்பெனி ஆளுங்கதான் தம்பி. ராத்திரி ஷிப்டு" என்றாளாம். அவனுக்கும் அன்றோடு வேலை போகிறது. ஏற்றிக்கொண்டான்.

வாசலில் நின்று பார்த்தேன். "இது என்ன ராணி?"

"நாய் அத்தே."

"அது தெரியுது. எதுக்கு?"

"அங்க கேண்டீன மூடிட்டாங்க."

இதற்கு மேல் அவளிடமிருந்து ஒரு வார்த்தை வாங்க முடியாது. வீட்டுக்குள் வரக்கூடாது, கார் நிறுத்துகிற முன் கூடத்தோடு சரி என்று சொல்லிவிட்டு நான் உள்ளே போய்விட்டேன்.

பெரியது டைகர். மஞ்சள் நிறம், சோம்பேறி, முகத்தில் மட்டும் பெரிய மனிதத் தோரணை. பழுப்பாக இருந்தது மிலோ. பெண் நாய் கறுப்பி. நாலாவது நாய் எதுவும் செய்யாது, மற்ற மூன்றும் எங்கே போனாலும் பின்னாலேயே போய் நின்று பார்க்கும். அதற்குத் தொழிற்சாலையிலேயே சூப்பர்வைசர் என்று பெயர் வைத்துவிட்டார்கள்.

எங்கள் தெரு தொழிற்சாலைப் பகுதிக்குக் குறுக்கு வழி. மத்தியானம் ஷிப்டு மாறும்போது மோட்டார் சைக்கிள்கள் ஈசல் மாதிரி வரும். அந்தச் சத்தம் கேட்டதும் நாலு நாயும் இரும்புக் கதவுக்கு அடியில் நுழைந்து தெருவில் பாயும். கட்டிப்போட்டால் ஊளை. ஊளைக்கும் புகார், பாய்ச்சலுக்கும் புகார்.

குடியிருப்போர் சங்கத் தலைவர் காளியப்பன் எதிர்வீட்டுக்காரர். ஒரு நாள் வந்தார். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை.

"நாய் வண்டியத் தொரத்துது பெரியம்மா. நாளைக்கு எவனாச்சும் விழுந்து மண்டை உடைஞ்சா யாரு பதில் சொல்றது?"

அதில் நியாயம் இருந்தது.

"தீபாவளி வரைக்கும் பாப்பேன். அதுக்குள்ள அடங்கலன்னா நகராண்மைக் கழகத்துக்குப் போன் போட்டுருவேன். அப்புறம் என்னைக் குத்தம் சொல்லக்கூடாது லா."

நாய் பிடிக்கிற லாரியில் ஏறிய நாய் எதுவும் இந்தத் தெருவுக்குத் திரும்பி வந்ததில்லை. அது எல்லாருக்கும் தெரியும். செல்வராணிக்கும் தெரியும். "சரிண்ணே, பழக்கிடறேன்" என்றாள். பத்திரிகையில் போடலாம், அவ்வளவு தைரியமாகச் சொன்னாள். நாயைப் பழக்குவது எப்படி என்று அன்று மாலைதான் போனைத் திறந்து பார்த்தாள்.

போனில் ஒரு வெள்ளைக்காரி. அவளுடைய நாய் அவள் விரலை அசைத்தால் உட்காருகிறது, கண்ணை அசைத்தால் படுக்கிறது. செல்வராணி எனக்கு விளக்கம் சொன்னாள். "சும்மா சொன்னா கேக்காது அத்தே. சொன்னதச் செஞ்சா கூலி குடுக்கணும். சின்னத் துண்டா இருக்கணும், நல்லா வாசம் அடிக்கணும், மெல்லாம முழுங்கணும்."

"நான் ஆறு பிள்ளையப் பழக்கினேன். என்ன கூலி குடுத்தேன்?"

"அதான் யாரும் சொன்ன பேச்சு கேக்கலையே அத்தே."

வாய் பேசாதவள் என்று சொன்னேன் அல்லவா? பேசினால் இப்படித்தான்.

முதலில் கடையில் எலும்பு மாதிரி செய்து விற்கிற நாய் பிஸ்கட்டை வாங்கி வந்தாள். டைகர் முகர்ந்துவிட்டுத் தும்மியது. மிலோ அதைக் கொண்டுபோய் என் கறிவேப்பிலைச் செடியடியில் புதைத்தது. கறுப்பி மரியாதை தெரிந்தது. வாயில் வாங்கிக்கொண்டு, யாரும் பார்க்காதபோது என் செருப்புக்குள் வைத்துவிட்டுப் போனது. சூப்பர்வைசர் இதையெல்லாம் பார்த்துக்கொண்டு நின்றது.

அடுத்து சோசேஜ். டைகருக்கு அது பிடித்தது, அதன் வயிற்றுக்குப் பிடிக்கவில்லை. மறுநாள் காலை முன் கூடத்தில் வழுக்கியது யார் என்று நான் சொல்லப்போவதில்லை. பிறகு அவித்த முட்டை. கறுப்பி வாலாட்டினால் மிலோ முகத்தைத் திருப்பும். சீஸ் கொடுத்தால் மிலோ வரும், டைகர் எழுந்து போய்விடும். நாலு மருமகள் உள்ள வீட்டில் குழம்பு வைக்கிற கதைதான். ஒருத்திக்குப் புளி போதாது, ஒருத்திக்கு உறைப்பு கூடாது, ஒருத்தி சாப்பிடவே வரமாட்டாள்.

கடைசியில் கோழி ஈரலை ஆவியில் அவித்து, துண்டு போட்டு, வெயிலில் காயவைத்தாள். அதைக் கையில் எடுத்ததும் மூன்று நாயும் வரிசையாக உட்கார்ந்தன. சூப்பர்வைசர் மட்டும் நின்றது, அதற்கு உட்காருவது பதவிக்கு ஒவ்வாது போல. செல்வராணி திரும்பி என்னைப் பார்த்தாள். அவள் கல்யாணப் படத்தில்கூட அப்படிச் சிரித்ததில்லை.

அந்த நேரம் பார்த்துப் புரட்டாசி பிறந்தது.

எங்கள் வீட்டில் புரட்டாசி மாதம் முழுக்கச் சைவம். என் மாமியார் காலத்திலிருந்து அப்படி. செல்வராணிக்கு அது தெரியாததில்லை. இருந்தாலும் ஈரல் பொட்டலத்தோடு அடுப்படி வாசலில் வந்து நின்றாள்.

"நாய்க்குமா அத்தே புரட்டாசி?"

"நாய்க்கு இல்ல. அடுப்புக்கு."

என்னைப் பிடிவாதக்காரி என்பார்கள். சொல்லிக்கொள்ளட்டும். பெருமாளுக்குக் கொடுத்த வாக்கை நாய்க்காக மாற்றச் சொன்னால் எப்படி? செல்வராணி ஈரலைத் தேன்மொழி வீட்டு ஐஸ்பெட்டியில் கொண்டுபோய் வைத்தாள். தேன்மொழி தெருமுனையில் நாசி லெமாக் என்கிற தேங்காய்ப்பால் சோறு விற்கிறவள். அது நாய்த் தீனி என்று தெரியாமல் அவள் மிளகாய்ச் சம்பல் போட்டு விற்றுவிட்டாள். அதோடு அந்தக் கதை முடிந்தது.

அந்த மாதம் எங்கள் வீட்டில் நாய்களுக்குச் சைவப் பயிற்சி நடந்தது. இப்படி ஒரு கூத்தை வெள்ளைக்காரி பார்த்திருக்க மாட்டாள். சர்க்கரைவள்ளிக் கிழங்கு அவித்தோம். பூசணிக்காய் அவித்தோம். வெங்காயம் இல்லாத வடை நானே சுட்டுக் கொடுத்தேன், நாயைவிட அதைக் காக்கா அதிகம் தின்றது. ஒரு நாள் எனக்கென்று பொரித்து வைத்த தெம்பேயில் ஒரு துண்டு கீழே விழுந்தது. மிலோ அதைத் தின்றுவிட்டு என் எதிரில் வந்து உட்கார்ந்து, படுத்து, உருண்டு, தனக்குத் தெரிந்த வித்தை அத்தனையும் சொல்லாமலே காட்டியது. சோயா அவரையைப் புளிக்கவைத்துச் செய்கிற அந்த ஜாவாக்காரப் பண்டத்தில் அதற்கு என்ன வாசம் அடித்ததோ. மிலோவுக்குத் தெம்பே என்று ஆனது. கறுப்பிக்கு வெள்ளரிக்காய். நறுக் நறுக் என்று கடிக்கிற சத்தம் அதற்குப் பிடித்திருந்தது.

சூப்பர்வைசருக்குத் தின்பதில் ஆசையே இல்லை. அது யார் வீட்டிலிருந்தோ ஒரு பழைய ஜப்பான் சிலிப்பரைக் கவ்வி வந்தது. செல்வராணி அதைப் பிடுங்கி எறிந்தாள், அது ஓடிப்போய் எடுத்துவந்து அவள் காலடியில் வைத்துவிட்டு, வாழ்க்கையில் முதல்முறையாக உட்கார்ந்தது. இன்னொரு முறை எறிந்தால் எதுவும் செய்வேன் என்று அதன் கண் சொன்னது. ரப்பர்ச் செருப்பு சைவமா அசைவமா என்று எனக்குத் தெரியவில்லை. அடுப்பில் ஏறாததால் நான் தலையிடவில்லை.

மிச்சம் டைகர். அது எதற்கும் மசியவில்லை. சம்பந்தி வீட்டில் மரியாதை குறைந்த மாமனார் மாதிரி, கிழங்கைக் காட்டினால் முகத்தை அந்தப் பக்கம் வைத்துக்கொள்ளும். "இதுக்கு நெத்திலித் தலைதான் அத்தே" என்றாள் செல்வராணி. நான் அடுப்பைப் பார்த்தேன். அவளும் அடுப்பைப் பார்த்தாள். பிறகு சின்னக் காஸ் அடுப்பைத் தூக்கிக்கொண்டு பின்சந்துக்குப் போய், நெத்திலித் தலையை உப்புப் போக ஊறவைத்து அங்கேயே வறுத்தாள்.

வறுத்தால் வாசம் வராதா? அந்த மாதத்தில் அந்த வாசம் எங்கள் வரிசை முழுக்கப் போனது. "புரட்டாசியில கருவாடு வறுக்கிறா, கேட்டா மாமியா பெரிய பெருமாள் பக்தை" என்று கோயிலில் வைத்தே பேசினார்கள். நான் அங்கேயே பதில் சொன்னேன். பின்சந்து யாருடையது? நகராண்மைக் கழகத்துடையது. நகராண்மைக் கழகத்துக்குப் புரட்டாசி கிடையாது.

இப்படி நாலு நாய்க்கு நாலு தீனி கிடைத்தது. முன் கூடத்தில் நாலும் பள்ளிப் பிள்ளைகள் மாதிரி உட்காரும். "இரு" என்றால் இருக்கும். இரும்புக் கதவைத் திறந்து வைத்தாலும் போகாது. ஆனால் ஷிப்டு மாறுகிற நேரம் வந்து முதல் மோட்டார் சைக்கிள் சத்தம் கேட்டதும், தெம்பேயும் வேண்டாம் நெத்திலியும் வேண்டாம் என்று நாலும் தெருவில் பாயும். நாய் வரவில்லை என்றால் இன்னும் உயர்ந்த கூலி கொடு என்று வெள்ளைக்காரி சொன்னாளாம். இவள் கூலியை உயர்த்திக்கொண்டே போனாள். பாய்ச்சல் நிற்கவில்லை. தீபாவளியும் நெருங்கியது. செல்வராணி சரியாகச் சாப்பிடுவதில்லை. பருப்பில் கல்லைக்கூட விட்டுவிட்டாள்.

எங்கள் வலது பக்கத்து வீட்டில் மக் சூ என்று ஒரு மலாய்க்கார அம்மா. நாய் தங்கள் வாசலுக்கு வரக்கூடாது என்பது அவர்கள் முறை. இந்தத் தெருவில் புகார் சொல்ல முழு உரிமை உள்ளவர் அவர்தான். அவர் ஒரு நாளும் சொன்னதில்லை. ஏனென்றால் வேலிகூட இல்லாத அவர் வாசலில் நாய் ஒரு நாளும் கால் வைத்ததில்லை. அன்று துணி உலர்த்தும்போது அவரே அதைச் சொல்லிச் சிரித்தார். உன் நாய்களுக்கு என் வீடு மட்டும் எப்படித் தெரிகிறது என்று மலாயில் கேட்டார்.

செல்வராணி சிரிக்கவில்லை. உள்ளே வந்து, "மக் சூ வீட்டுக்கு மட்டும் ஏன் அத்தே போறதில்ல?" என்றாள்.

"மரியாத தெரிஞ்ச நாய்ங்க."

"மரியாதையெல்லாம் இல்ல. அங்க போனா ஒண்ணும் கெடைக்காது."

மறுநாள் ஷிப்டு மாறுகிற நேரத்தில் அவள் நாய்களைத் தடுக்கவே இல்லை. தெரு நடுவில் நின்று, தொழிற்சாலையில் தகட்டைப் பார்த்த மாதிரி பார்த்தாள். ஒரு நாயும் எந்த வண்டியையும் துரத்தவில்லை. வண்டிகளுக்கு இடையில் புகுந்து ஆளுக்கொரு திசையில் போயின. டைகர் நேராகக் காளியப்பன் வீட்டுப் பின்வாசலுக்குப் போனது. மிலோ தேன்மொழி கடைக்குப் போனது. கறுப்பி கோயில் மடைப்பள்ளிக்குப் போனது. சூப்பர்வைசர் ஒவ்வோரிடமாகப் போய் எல்லாம் ஒழுங்காக நடக்கிறதா என்று பார்த்துவிட்டு வந்தது.

விஷயம் இதுதான். வேலைக்குப் போனவர்கள் திரும்பி வருகிற நேரம் அது. கட்டிக்கொண்டு போன சோறு மிஞ்சியிருக்கும். வீட்டில் பானை கழுவுகிற நேரம், கடை கட்டுகிற நேரம், பூசை முடிகிற நேரம், எல்லாம் ஒன்று. வண்டிச் சத்தம் கேட்டால் கதவு திறக்கும், கதவு திறந்தால் சோறு விழும். நாய்கள் இதை நன்றாகவே படித்து வைத்திருந்தன. செல்வராணி வெள்ளைக்காரியைப் பார்த்துப் பார்த்து முடியாததை, இந்தத் தெரு போனைப் பார்க்காமலே முடித்திருந்தது.

அவள் முதலில் காளியப்பன் வீட்டுக்குப் போனாள். நானும் கூடப் போனேன். அவர் மனைவி ராசம்மா பின்கட்டில் உட்கார்ந்திருந்தாள்.

"அக்கா, டைகருக்குச் சோறு போடாதீங்க. வயிறு ரொம்பி இருந்தா நான் சொல்றதக் கேக்காது."

"நானா? நாய்க்கா?" ராசம்மா மார்பில் கை வைத்தாள். "எனக்கு நாயக் கண்டாலே அரிப்பு வந்துரும் ராணி. இது யாரு வீட்டு நாய்னுகூடத் தெரியாது." பிறகு காலை இழுத்துக்கொள்ளப் பார்த்தாள், முடியவில்லை. "டைகர், தள்ளிப் படுடா. மரத்துப் போச்சு."

தேன்மொழி ஒளிக்கவில்லை. "மிஞ்சினதக் குப்பையிலதான் போடறேன். குப்பைக்கு முன்னாடி இது வந்து நின்னா நான் என்ன பண்றது?"

கோயில் பூசாரி அய்யாவு கண்ணை மூடிக்கொண்டார். "பைரவர் வாகனம்மா. பிரசாதம் கேட்டு வாசல்ல நிக்கிறத வெரட்டினா யாருக்குப் பாவம்?"

நானும் காலையில் ஒரு பிடி தயிர்ச்சோறு வைப்பது உண்டு. அது இந்தக் கணக்கில் சேராது. சோறு வேறு, தீனி வேறு. செல்வராணி என்னிடம் கேட்கவும் இல்லை.

தீபாவளி முடிகிறவரை போதும் என்று எல்லாரிடமும் கெஞ்சினாள். எல்லாரும் தலையாட்டினார்கள். அந்தத் தலையாட்டலில் ஒரு வாரம் நன்றாகப் போனது. தெருவில் கதவு திறக்கவில்லை, நாய்களும் பாயவில்லை. வண்டிச் சத்தம் கேட்டதும் செல்வராணியின் கையைப் பார்த்து நாலும் உட்கார்ந்தன. தீபாவளிக்கு முந்தைய வாரம் அவளே காளியப்பனை அழைத்தாள், வந்து பாருங்கள் என்று.

அவர் நாற்காலியோடு வந்து எங்கள் வாசலில் போட்டு உட்கார்ந்தார். இரும்புக் கதவு திறந்திருந்தது. நாலு நாயும் வரிசையாக உட்கார்ந்திருந்தன. வண்டிகள் வந்தன. ஒன்றன்பின் ஒன்றாகப் போயின. ஒரு காது அசையவில்லை. காளியப்பன் எழுந்தார். "சரி, பரவால்லயே" என்று சொல்ல வாயெடுத்தார்.

அப்போது எதிர்வீட்டுப் பின்கட்டில் ராசம்மா கரண்டியால் சட்டி விளிம்பில் இரண்டு தட்டு தட்டினாள். வேண்டுமென்று செய்யவில்லை. கை பழகிவிட்டது. கோழிக் குழம்புச் சட்டி அது.

டைகர் பறந்தது. அதன் பின்னால் மிலோ, அதன் பின்னால் கறுப்பி, மேற்பார்வைக்கு சூப்பர்வைசர். கடைசியாக வந்த மோட்டார் சைக்கிள்காரன் பிரேக் பிடித்து, வண்டி சாய்ந்து, குதித்து இறங்கிவிட்டான். அவனுக்கு ஒன்றும் ஆகவில்லை. வண்டியில் மாட்டியிருந்த நாசி லெமாக் பொட்டலம் பிரிந்து தெருவில் கொட்டியது. நாலு நாயும் பாதி வழியில் நின்று அதைத் தின்றன. கூலியும் அங்கேயே கிடைத்துவிட்டது.

"பாத்தியா, வண்டியத் தொரத்துது" என்றார் காளியப்பன்.

"வண்டிய எங்கண்ணே தொரத்துச்சு? உங்க வீட்டுச் சட்டிக்கு ஓடுச்சு."

"என் வீட்டுச் சட்டி சத்தம் போட்டா உன் நாய் ஏன் ஓடணும்?"

"அதைத்தாண்ணே நானும் கேக்கறேன்."

ராசம்மா சட்டியோடு உள்ளே போய்விட்டாள். காளியப்பன் நாற்காலியை மடக்கினார். மனைவியை விட்டுக்கொடுக்க முடியாத மனிதன் வேறு என்ன செய்வான்? தீபாவளி முடிந்த கையோடு போன் போட்டார். வியாழக்கிழமை லாரி வரும் என்று அவரே வந்து சொன்னார். சொல்லும்போது என் முகத்தைப் பார்க்கவில்லை, டைகரையும் பார்க்கவில்லை.

அன்று செல்வராணி முன் கூடத்தில் நாய்களுக்கு நடுவில் உட்கார்ந்திருந்தாள். அழவில்லை. "நாலு நாய்க்கு என்ன வேணும்னு கண்டுபிடிச்சிட்டேன் அத்தே. இந்தத் தெருவுக்கு என்ன வேணும்னுதான் தெரியல" என்றாள்.

பாலோவில் அவள் அண்ணன் கனகராஜ் செம்பனை நாற்றுப் பண்ணை வைத்திருக்கிறார். தீபாவளிப் பலகாரத்தோடு வந்தபோது, காட்டுப் பன்றி நாற்றையெல்லாம் பிடுங்கிப் போடுகிறது, காவலுக்கு ஆள் கிடைக்கவில்லை என்று புலம்பிவிட்டுப் போயிருந்தார். செல்வராணி அவருக்குப் போன் செய்தாள். காவலுக்கு மூன்று பேர் இருக்கிறார்கள், கூட ஒரு மேற்பார்வையும் இருக்கிறது, நாற்றுக்குத் தண்ணீர் ஊற்ற நானும் வருகிறேன் என்றாள். சுற்றிலும் செம்பனை. சோறு போட ஒரு வீடு கிடையாது.

யுகேந்திரனுக்கும் போன் செய்தாள். ஸ்பீக்கரில் போட்டிருந்ததால் நானும் கேட்டேன்.

"அப்ப நான் சனிக்கிழம எங்க வர்றது?" என்றான்.

"பாலோவுக்கு."

"தூரமாச்சே."

"சிங்கப்பூரும் தூரந்தான். நான் ஒண்ணும் சொல்லலையே."

"ஒரு சனிக்கிழம பாலோ, ஒரு சனிக்கிழம அம்மாகிட்ட" என்றான். என் மகன் மந்தமானவன், கெட்டவன் இல்லை. எனக்கு இனி யார் சமைப்பது என்று தெரு கேட்கிறது. இத்தனை வருடம் யார் சமைத்தது என்று நினைத்துக்கொண்டிருந்தார்களோ.

புதன்கிழமை கனகராஜ் லாரி கொண்டுவந்தார். யாரோ வீட்டுத் தீபாவளி விருந்துக்குப் போட்ட கூடாரத்தை இன்னும் பிரிக்காததால் லாரி உள்ளே வர முடியவில்லை. தெரு முனையில் நின்றது. அதனால் தெருவை நடந்துதான் கடக்க வேண்டும்.

"கயிறு கட்டு ராணி" என்றேன். "வண்டி வர்ற நேரம்."

"கயிறு கட்டினா பழக்கினதுக்கு என்ன அர்த்தம் அத்தே?" இடுப்பில் ஒரு பை. அதில் நெத்திலித் தலை, தெம்பே, நறுக்கிய வெள்ளரிக்காய். பையின் வாரில் ஜப்பான் சிலிப்பரைச் செருகியிருந்தாள். படியிறங்கினாள். நாலும் அவள் காலோடு ஒட்டிக்கொண்டு இறங்கின. நான் பின்னாலேயே போனேன்.

தெரு முழுக்கக் கதவு திறந்திருந்தது. வேடிக்கை பார்க்க வந்த அத்தனை பேரும் ஒரு கையை முதுகுக்குப் பின்னால் வைத்திருந்தார்கள். எனக்குத் தெரியாதா? தேன்மொழி கடையைத் தாண்டும்போது மிலோ மூக்கைத் தூக்கியது, செல்வராணி விரலிடுக்கில் ஒரு துண்டு தெம்பே காட்டினாள், நடை நிற்கவில்லை. கறுப்பி கோயில் பக்கம் ஒரு முறை பார்த்தது. வெள்ளரிக்காய்த் துண்டு நறுக்கென்றது.

லாரிக்குக் கொஞ்சம் முன்னால், தெருவின் எதிர்ப்பக்கம் ராசம்மா வந்து நின்றிருந்தாள். அவளைக் கண்டதும் டைகர் நின்றுவிட்டது. அவள் கையில் கிண்ணம். ஒளிக்கக்கூட இல்லை. செல்வராணியும் நின்றாள். கூப்பிடவில்லை, பைக்குள் கை விடவும் இல்லை. அந்த நேரம் முதல் மோட்டார் சைக்கிள் தெருவுக்குள் திரும்பியது. டைகர் கிண்ணத்தைப் பார்த்தது, செல்வராணியைப் பார்த்தது, மறுபடி கிண்ணத்தைப் பார்த்தது. இன்னும் ஓர் அடி தெருவுக்குள் வைத்தால் வண்டி.

ராசம்மா கிண்ணத்தைச் சேலைத் தலைப்புக்குள் இழுத்துக்கொண்டாள். "போடா. அவ நிக்கிறால்ல, போ" என்றாள்.

டைகர் திரும்பி வந்து செல்வராணியின் காலடியில் உட்கார்ந்தது. அப்போதுதான் அவள் நெத்திலியை எடுத்தாள். வண்டிகள் வரிசையாகப் போய் முடிகிறவரை நாலும் அசையவில்லை. பிறகு லாரிவரை போய், கனகராஜ் சாய்த்து வைத்த பலகையில் ஒன்றன்பின் ஒன்றாக ஏறின. சூப்பர்வைசர் கடைசியாக ஏறியது.

லாரியின் பின்கதவைச் சாத்தக் காளியப்பன்தான் கை கொடுத்தார். சாத்திய பிறகும் கையை எடுக்கவில்லை.

"பாலோவுல எந்தப் பக்கம்?"

செல்வராணி வழி சொன்னாள்.

"ஞாயித்துக்கிழம இவ ஒரு எட்டுப் பாத்துட்டு வரலாம்ங்கறா."

"வாங்கண்ணே. அக்காவையும் கூட்டிட்டு வாங்க. ஆனா வெறுங்கையோட வாங்க."

காளியப்பன் "ம்" என்றார். லாரி கிளம்பியது. அந்த "ம்" மேல் எனக்கு நம்பிக்கை இல்லை.